ஆண்களின் கோட்டும் தீவுப் பெண்களின் தறியும்

ஸ்கொட்லாந்தின் வடமேற்குக் கரைக்கு அப்பால், அத்திலாந்திக் கடலில் ஒரு தீவுக்கூட்டம் இருக்கிறது. வெளி ஹெப்ரிடீஸ் என்பது அதன் பெயர். அவற்றில் பெரிய தீவின் வடபகுதியை லூயிஸ் என்றும் தென்பகுதியை ஹரிஸ் என்றும் சொல்கிறார்கள். இரண்டுக்கும் இடையில் கடல் இல்லை, மலைகள்தான் இருக்கின்றன. நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் படகேறிப் பழகிய எமக்குத் தீவு என்றதும் பனைமரம்தான் நினைவுக்கு வரும். இங்கே கண்ணுக்கெட்டிய தூரம்வரை மரமே இல்லாத இடங்கள் அநேகம். கல், புல், கறுத்த சதுப்பு நிலம், ஓயாத காற்று, மேயும் செம்மறி ஆடுகள். இவ்வளவுதான்.

இந்தத் தீவில் நெய்யப்படும் கம்பளித் துணி ஒன்று உலகத்தின் பெரிய நகரங்களில் வசதியான ஆண்களின் தோளில் கோட்டாக ஏறியிருக்கிறது. அதன் பெயர் ஹரிஸ் ருவீட். சென்ற வருடம் கிளாஸ்கோ நகரில் ஒரு குறுகியகாலப் பயிற்சிக்குப் போயிருந்தபோது, அங்கே குடும்பமாக வாழும் என் பெரியம்மாவின் மகளுடனும் அத்தானுடனும் அந்தத் தீவுக்குப் போய் மூன்று நாட்கள் தங்கிவந்தேன். காலையில் காரில் புறப்பட்டு, ஸ்கை தீவைப் பாலத்தால் அடைந்து, அதன் வடக்கிலுள்ள ஊய்க் துறைமுகத்தில் கப்பலேறினோம். ஒன்றரை மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடிய கடற்பயணத்தில் ஹரிஸின் சிறு பட்டினமான ராபேட் வந்துவிட்டது. ஆனி மாதம் என்றபடியால் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருந்தது.

அங்கே நான் பார்த்ததையும் கேட்டதையும், அந்தத் துணியைப் பற்றி அறிந்ததையும் எங்கள் வாசகிகளோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். பன்னவேலை, தையல், நெசவு என்று கையால் பிழைக்கும் பெண்களுக்கு இதில் யோசிக்க நிறைய இருக்கிறது.

அத்தானின் கோட்

அத்தானிடம் ஒரு ஹரிஸ் ருவீட் கோட் இருந்தது. கிளாஸ்கோவில் பழைய உடுப்பு விற்கும் தருமக் கடை ஒன்றில் மலிவாக வாங்கியது. அவருக்கு முன் யாரோ ஒருவர் இருபது, முப்பது வருடம் போட்டிருக்கலாம். முழங்கை தேய்ந்த இடத்தில் தோல் ஒட்டுப் போட்டிருந்தது. அந்த ஒட்டையும் அத்தான் பெருமையாகவே காட்டினார். "புதுசு வாங்கிறதெண்டால் பல நூறு பவுண் வேணும் பிள்ளை. இது எனக்குப் பிறகு தம்பிக்கும் கிடக்கும்" என்றார்.

தூரத்தில் பார்த்தால் அது மண்ணிறக் கோட். கிட்டப் போய்ப் பார்த்தால் மண்ணிறத்துக்குள் பச்சை, மஞ்சள், செம்மஞ்சள், சிறிது நீலம் எல்லாம் தெரிந்தன. நூலாக்கிய பிறகு சாயம் போட்டால் இப்படி வராது. ஆட்டு உரோமத்தை முதலில் தனித்தனி நிறங்களில் சாயமிட்டு, பிறகு அவற்றைக் கலந்து நூல் நூற்பதால் ஒரே இழைக்குள் பல நிறங்கள் வந்துவிடுகின்றன. தீவில் இறங்கிய பிறகு அந்த நிறங்கள் எங்கேயிருந்து வந்தவை என்று எனக்கு விளங்கியது. பாறையில் படர்ந்த பாசி, காய்ந்த பன்னம், மழைக்கு முந்திய கடல் ஆகியவற்றின் நிறங்கள் அவை.

இந்தத் துணி பிரபுக்களின் தோட்டங்களில் வேட்டைக் காவலர்களுக்கு உடுப்பாகத் தொடங்கியது. குளிரையும் தூறலையும் அது தாங்குவதைக் கண்ட பிரபுக்கள் தாங்களும் வேட்டைக்குப் போட்டார்கள். பிறகு லண்டன் தையற்கடைகளுக்குப் போனது. அதன் பின் பேராசிரியர்களின் உடுப்பு என்று பெயர் எடுத்தது. டான் பிரவுன் எழுதிய 'த டாவின்சி கோட்' நாவலில் வரும் பேராசிரியர் லாங்டன் அணிவதும் ஹரிஸ் ருவீட் கோட்தான். ஆண்களின் உடுப்பில் நிறமும் அலங்காரமும் குறைவு. ஆகவே துணியின் தரமும் அதன் பின்னாலுள்ள கதையுமே அவர்களுக்கு அலங்காரமாகின்றன. கடைக் கண்ணாடிகளில் 'பாரம்பரியம்', 'கைவினை' என்ற சொற்கள் பெரிதாக எழுதப்பட்டிருக்கின்றன. அந்தச் சொற்களுக்குள் யாருடைய கைகள் இருக்கின்றன என்பதைத்தான் நான் தேடிப் பார்க்க நினைத்தேன்.

காணி இழந்தவர்கள்

ஹரிஸின் மேற்குக் கரையில் லஸ்கென்ரயர் என்ற இடம் இருக்கிறது. வெண்மணல், பச்சைக் கடல், மணலை அடுத்து நல்ல புல்வெளி. அன்று மாலை நாங்கள் அங்கே நடந்தோம். மறுநாள் கிழக்குக் கரைக்குப் போனோம். ஒரே தீவு என்று நம்ப முடியவில்லை. நிலா நிலம்போல வெறும் பாறை. அந்தப் பாறைகளுக்கு இடையிலும் வீடுகள் இருந்தன.

ஏன் நல்ல மண்ணை விட்டுப் பாறையில் வந்து குடியிருந்தார்கள் என்று அக்கா கேட்டா. அதற்கான பதில் தீவின் சரித்திரத்தில் இருக்கிறது. 19 ஆம் நூற்றாண்டில் நில உடைமையாளர்கள் செம்மறிப் பண்ணை வைப்பதற்காக மேற்குக் கரையில் பரம்பரையாக இருந்த குடிகளை எழுப்பினார்கள். 1839 இல் போர்வ் என்ற ஊர்ச் சனங்களை எழுப்புவதற்குப் படையினரும் கொண்டுவரப்பட்டனர். எழுப்பப்பட்டவர்களில் பலர் கப்பலேறிக் கனடாவுக்குப் போனார்கள். மற்றவர்கள் கிழக்குப் பாறைக்கு வந்தார்கள். அங்கே கடற்சாதாளையையும் சதுப்பு மண்ணையும் முதுகில் சுமந்துவந்து, பாறைமேல் பாத்தியாகக் குவித்து உருளைக்கிழங்கு நட்டார்கள். அந்தப் பாத்திகளின் தழும்புகள் இன்றும் மலைச்சரிவில் வரிவரியாகத் தெரிகின்றன. கிழக்கில் பிரேதம் புதைக்கவும் ஆழமான மண் கிடையாது. இறந்தவர்களைச் சுமந்துகொண்டு மலையைக் கடந்து, தாங்கள் முன்பு வாழ்ந்த மேற்குக் கரையிலேயே புதைத்தார்கள். அந்த வழிக்குச் 'சவப்பெட்டிப் பாதை' என்று பெயர். இன்று உல்லாசப் பயணிகள் அதில் நடக்கிறார்கள்.

சொந்தக் காணி கண்ணுக்குத் தெரிய, அதற்குள் போகமுடியாமல் வேறிடத்தில் இருந்தவர்களுக்கு இதை நான் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

1846 இல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்து பஞ்சம் வந்தது. அந்தக் காலத்தில் ஹரிஸ் தீவு டன்மோர் பிரபு குடும்பத்துக்குச் சொந்தமாக இருந்தது. பிரபு 1845 இல் இறந்துபோக, அவருடைய மனைவி கதரின் மறி நிர்வாகத்தைப் பார்த்தா. தீவுப் பெண்கள் தங்கள் வீட்டுத் தேவைக்கு நெய்யும் தடித்த கம்பளியை அவ கவனித்தா. தங்கள் குடும்பத்துக்குரிய கட்டக் கோலத்தை அந்தக் கம்பளியில் நெய்யச் சொல்லி, தோட்டக் காவலர்களுக்கு உடுப்பாகத் தைப்பித்தா. பிறகு பெண்கள் சிலரைப் பயிற்சிக்கு அனுப்பி, தன்னுடைய வட்டத்துப் பிரபுக்களிடம் துணியை விற்றும் கொடுத்தா. ஸ்ரொண்ட் என்ற ஊரைச் சேர்ந்த சகோதரிகள் இருவர் பெய்ஸ்லி நகரில் நெசவு பழகிவந்து நெய்த துணிதான் முதலில் பெயர் எடுத்தது என்று தீவில் சொல்கிறார்கள். அவர்களைப் 'பெய்ஸ்லிச் சகோதரிகள்' என்றே இன்றும் அழைக்கிறார்கள்.

கதரின் சீமாட்டியைத் தாய்போலப் புகழ்ந்து எழுதிய குறிப்புகள் உண்டு. அவ செய்த உதவியை மறுக்க முடியாது. அதே நேரம் சனங்களை எழுப்பிய நிலமும் அந்தக் குடும்பத்தின் நிலம்தான். காணியை எடுத்தவர்களின் கையிலிருந்தே வாழ்வாதார உதவியும் வந்தது. இரண்டையும் சேர்த்து நினைவில் வைத்திருப்பதுதான் நியாயம்.

மேசையைச் சுற்றிப் பெண்கள்

அந்த நாளில் துணி செய்வது முழுக்க முழுக்கப் பெண்களின் வேலை. கேலிக் மொழியில் அதற்குக் 'குளோ மோர்', பெரிய துணி, என்று பெயர். பாறையில் வளரும் குரொட்டல் என்ற பாசியைச் சுரண்டி, உரோமத்தோடு பெரிய பானையில் அடுக்கி, வீட்டு வெளியில் சதுப்புக்கட்டி எரித்து அவிப்பார்கள். செம்மண்ணிறம் வரும். அந்தச் சாயத்தின் மணம் பழைய துணிகளில் வருடக்கணக்காக இருக்குமாம். பிறகு உரோமத்தை வாரி, நூல் நூற்று, மரத்தறியில் நெய்வார்கள்.

நெய்த துணி நெகிழ்வாக, எண்ணெய்ப் பிடிப்போடு இருக்கும். அதை இறுக்குவதற்குப் பத்துப் பன்னிரண்டு பெண்கள் நீண்ட மேசையைச் சுற்றியிருந்து, நனைத்த துணியை மேசையில் மாறிமாறி அடித்து, கை மாற்றிக் கை மாற்றிச் சுற்றுவார்கள். எண்ணெய் போகவும் சாயம் பிடிக்கவும் வீடுவீடாகச் சேர்த்துவைத்த பழைய சிறுநீரில் துணியை ஊறவைப்பார்களாம். கேட்டபோது அக்கா மூக்கைப் பொத்தினா. அந்த அடிக்குத் தாளமாக ஒருத்தி பாட்டெடுக்க மற்றவர்கள் சேர்ந்து பாடுவார்கள். அரிவு வெட்டும்போதும் நாற்று நடும்போதும் எங்கள் பெண்கள் பாடியதைப் போலத்தான். ஊர்ச் செய்தி, பகிடி, காதல், பிரிவு, இறந்தவர்களின் துக்கம் எல்லாம் அந்தப் பாட்டுகளில் உண்டு. எழுதப்படிக்க வசதியில்லாத காலத்தில் பெண்கள் தங்கள் கதையை அங்கேதான் சேமித்துவைத்தார்கள்.

ஆண்கள் கடலுக்குப் போனார்கள். குரொட்டல் சாயம் போட்ட உடுப்பைக் கடலுக்குப் போட்டுப்போக அவர்கள் பயந்தார்களாம். பாறையிலிருந்து வந்த பொருள் பாறைக்கே திரும்பும், ஆளையும் கொண்டுபோகும் என்பது அவர்களின் நம்பிக்கை.

தீவின் வடபகுதியிலுள்ள ஸ்ரோனவே துறைமுகத்துக்குப் போனபோது இந்த நம்பிக்கையின் பாரம் தெரிந்தது. முதலாம் உலகப் போர் முடிந்து, கடற்படையில் இருந்த தீவு ஆண்கள் ஊர் திரும்பிய கப்பல் 'அயொலேர்'. 1919 சனவரி 1 ஆம் திகதி அதிகாலை, துறைமுகத்தின் விளக்குகள் தெரியும் தூரத்தில் அது பாறையில் மோதி மூழ்கியது. 201 பேர் இறந்தார்கள். போர் முடிந்துவிட்டது என்று அடுப்பு மூட்டி, மாற்றுடுப்பு எடுத்துவைத்துக் காத்திருந்த பெண்களுக்குக் கரையொதுங்கிய உடல்கள்தான் வந்தன. அதன் பிறகு பல பத்தாண்டுகள் வீடுகளில் அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. 1923 இல் 'மெற்றகாமா' என்ற கப்பலில் தீவின் இளையோர் ஏறக்குறைய முந்நூறு பேர் ஒரே நாளில் கனடாவுக்குப் போய்விட்டார்கள். மிஞ்சியவர்கள் ஆடும் கிழங்கும் தறியுமாக வாழ்க்கையைப் பிடித்துக்கொண்டார்கள். நினைவுத்தூணுக்குப் பக்கத்தில் நின்றபோது எங்கள் மூவருக்கும் பேச்சு வரவில்லை.

கூலிச் சிட்டையில் யார் பெயர்?

லூயிஸ் பக்கத்தில் ஒரு நெசவாளியின் வீட்டுக்குப் போனோம். ஐம்பது வயது தாண்டிய பெண். வீட்டோடு ஒட்டிய தகரக் கொட்டிலில் இரும்புத் தறி. சைக்கிள் மிதிப்பதுபோல இருந்து மிதிக்க வேண்டும். மின்சாரம் விளக்குக்கு மட்டும். ஆலையிலிருந்து பாவு சுற்றிய உருளையும் ஊடை நூலும் கோலக் குறிப்பும் வானில் வரும். நெய்து முடிந்ததும் அதே வான் வந்து எடுத்துப்போகும். கழுவி, இறுக்கி, மேலே துருத்தும் மயிரைச் சீராக வெட்டுவது ஆலையின் வேலை. நெய்த அளவுக்குக் கூலி.

"மின்சாரத்தில் ஓட்டினால் கால் நோகாதே?" என்று கேட்டேன்.

"ஓட்டலாம். துணி வரும். ஹரிஸ் ருவீட் என்ற பெயர் வராது" என்று சிரித்தா.

தன்னுடைய சிறுவயதைப் பற்றியும் சொன்னா. அப்பா தறியில் இருப்பார். அம்மாவும் பிள்ளைகளும் பாடசாலைக்கு முன்னும் பின்னும் ஊடைக் குழலில் நூல் சுற்றுவார்கள். துணியில் பிழை பார்ப்பதும் அம்மாதான். "கூலிச் சிட்டையில் அப்பாவின் பெயர் மட்டும்தான் இருக்கும்" என்றா.

பெண்களின் வேலை எப்படி அப்பாவின் பெயருக்கு மாறியது? முதலாம் உலகப் போருக்குப் பிறகு, திரும்பிவந்த படையினருக்குத் தொழில் கொடுக்கும் எண்ணத்தோடு ஹற்றர்ஸ்லி என்ற இரும்புத் தறி தீவில் பரவியது. மிதித்தாலே நாடா தானாக ஓடும். வேகம் கூடியது, பாரமும் கூடியது. தறியில் ஆண்கள் அமர்ந்தார்கள். பெண்கள் நூல் சுற்றுபவர்களாகவும் உதவியாளர்களாகவும் ஆனார்கள். சமூகவியல் படித்த காலத்தில், ஒரு தொழிலுக்கு இயந்திரமும் பணமும் வரும்போது பெண்கள் ஓரத்துக்குப் போவதைப் பற்றிப் பாடப் புத்தகத்தில் வாசித்திருக்கிறேன். இங்கே அதை ஒருவரின் வாயால் கேட்டேன்.

எல்லாப் பெண்களும் தறியை விடவில்லை. ஹரிஸின் பிளொக்ரபூல் என்ற ஊரில் மரியன் காம்ப்பெல் என்ற பெண், சாயம் அவிப்பது முதல் நெய்வது வரை எல்லாவற்றையும் முதுமை வரை தன் கையாலேயே செய்தா. அவவைப் பார்க்க வெளியூர்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். இப்போது இளம் பெண்கள் பலர் மறுபடி தறியில் அமர்ந்திருக்கிறார்கள். எங்களோடு பேசிய பெண்ணின் கூலிச் சிட்டையில் அவவின் சொந்தப் பெயரே இருக்கிறது.

பெயரைக் காத்த கதை

மரத்தறிக் காலத்திலேயே இந்தத் துணிக்கு ஒரு கண்டம் வந்தது. பெயர் பரவியதும் வேறிடத்து ஆலைகளில் செய்த மலிவுத் துணியையும் 'ஹரிஸ் ருவீட்' என்று விற்கத் தொடங்கினார்கள். விலை விழுந்தது. கையால் செய்த பெண்கள் நட்டப்பட்டார்கள். இதைத் தடுக்க 1909 இல் ஒரு சங்கம் அமைக்கப்பட்டது. உருண்டையும் அதன்மேல் சிலுவையும் கொண்ட ஒரு முத்திரை பதிவாகி, 1911 முதல் துணியில் பொறிக்கப்பட்டது.

முத்திரை வந்ததோடு சண்டை முடியவில்லை. எது உண்மையான ஹரிஸ் ருவீட் என்பதைத் தீர்மானிக்க வேண்டியிருந்தது. நூல் கையால் நூற்கப்பட வேண்டும் என்ற விதி 1934 இல் தளர்த்தப்பட்டது. ஆலையில் நூற்கலாம், ஆனால் தீவுக்குள்ளேதான் நூற்க வேண்டும், நெசவு நெசவாளர் வீட்டிலேயே நடக்க வேண்டும் என்று வைத்தார்கள். வெளியே நூற்ற நூலுக்கும் அந்தப் பெயர் வேண்டும் என்று சில கம்பனிகள் நீதிமன்றம் போயின. நீண்ட வழக்குக்குப் பிறகு 1964 இல் எடின்பரோ நீதிமன்றம் தீவுக்காரருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 1966 இல் உற்பத்தி உச்சத்தைத் தொட்டது. அந்த ஒரு வருடத்தில் 76 இலட்சம் யார் துணி.

அதற்குப் பிறகு இறக்கம். கம்பளி உடுப்பின் மவுசு குறைந்தது. வீட்டுத் தறிகளைக் கைவிட்டு, மின்தறிகளைத் தொழிற்கூடங்களில் வைத்தால் பிழைக்கலாம் என்று ஒரு திட்டம் வந்தது. 1976 இல் நெசவாளர்களிடம் வாக்கெடுப்பு நடந்தது. பெரும்பான்மையானவர்கள் வேண்டாம் என்றார்கள். வீட்டில் தறி இருந்தால் ஆட்டையும் பார்க்கலாம், பிள்ளையையும் பார்க்கலாம், வயதான தாயையும் பார்க்கலாம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

1993 இல் பிரித்தானியப் பாராளுமன்றம் இந்தத் துணிக்கென்றே ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி ஹரிஸ் ருவீட் என்றால் புதிய ஆட்டு உரோமத்தில், வெளி ஹெப்ரிடீஸ் தீவுகளிலேயே சாயமிட்டு, அங்கேயே நூற்று, தீவுவாசிகள் தங்கள் வீடுகளில் கையால் நெய்து, அங்கேயே முடிக்கப்பட்ட துணியாக இருக்க வேண்டும். இதைக் கண்காணிக்க ஓர் அதிகாரசபை உண்டு. அதன் பரிசோதகர்கள் பார்த்த பிறகுதான் துணியின் பின்புறத்தில் முத்திரை விழும். கோட்டுக்குள் தைக்கும் சிட்டைக்கும் இலக்கம் உண்டு. அத்தானின் பழைய கோட்டுக்குள்ளும் அந்தச் சிட்டை இருந்தது.

ஒரே வாங்குபவரை நம்பினால்

சட்டம் பெயரைக் காத்தது. அது ஓடர் கொண்டுவரவில்லை. இதற்கு அண்மைக்கால உதாரணங்கள் இரண்டு உண்டு.

2004 இல் நைக்கி கம்பனி தன் சப்பாத்தில் வைத்துத் தைப்பதற்கு இந்தத் துணியைக் கேட்டது. ஓடர் வந்தது லஸ்கென்ரயரில் வீட்டுக் கொட்டிலில் நெய்யும் டொனால்ட் ஜோன் மக்கே என்பவருக்கு. ஆயிரக்கணக்கான மீற்றர். தனி ஆளால் நெய்யவே முடியாது. அவர் அந்த வேலையைத் தீவின் ஆலைக்கும் மற்ற நெசவாளர்களுக்கும் பகிர்ந்தார். பல தறிகள் மறுபடி ஓடின.

இரண்டு வருடங்களின் பின் நேரெதிரான ஒன்று நடந்தது. இங்கிலாந்தின் யோர்க்‌ஷயர் பகுதி வர்த்தகர் ஒருவர் தீவின் மிகப் பெரிய ஆலையை வாங்கினார். எண்ணாயிரம் அளவில் இருந்த கோலங்களை நான்காகக் குறைத்தார். துணியை வேறு யாருக்கும் விற்காமல், தன் கம்பனியின் ஆண்கள் கோட்டுக்கு மட்டும் பயன்படுத்தப்போவதாகச் சொன்னார். கோட்டுகள் குவிந்தன, எதிர்பார்த்த விற்பனை இல்லை. ஆலையில் ஆட்கள் நிறுத்தப்பட்டார்கள். வீடுகளில் தறிகள் நின்றன. நெசவாளர்களிடம் திறமை இருந்தது, சட்டம் இருந்தது, முத்திரை இருந்தது. பாவு கொண்டுவரும் வான் மட்டும் வரவில்லை. 2007 இன் இறுதியில் ஷோபொஸ்ற் என்ற ஊரில் மூடிக் கிடந்த ஆலையை வேறு சிலர் சேர்ந்து திறந்து, பல நாட்டு வாங்குபவர்களைத் தேடிப் போன பிறகுதான் தொழில் மூச்சுவிட்டது. "அந்தக் காலத்தில் நான் மீன் பதனிடும் இடத்துக்கு வேலைக்குப் போனேன்" என்று அந்தப் பெண் சொன்னா. இப்போதும் ஓடர் குறைந்த மாதங்களில் கூலி குறைவுதான். தறியை மட்டும் நம்பி இருப்பவர்கள் தீவில் சிலரே. பலரும் ஆடு, தோட்டம், வேறு வேலை என்று சேர்த்துத்தான் சீவிக்கிறார்கள்.

எங்கள் கைப்பொருள்

பெயரையும் இடத்தையும் முத்திரையால் காப்பது எங்கள் நாட்டுக்குப் புதிதல்ல. இலங்கையிலேயே பொதிசெய்யப்பட்ட தூய இலங்கைத் தேயிலைப் பைக்கற்றில் சிங்க இலச்சினை இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 2022 பெப்ரவரியில் இலங்கைக் கறுவாவுக்கு ஐரோப்பிய ஒன்றியம் புவியியல் குறியீடு வழங்கியது. இலங்கைப் பொருள் ஒன்றுக்கு அங்கே கிடைத்த முதலாவது குறியீடு அது. வேறு நாட்டுக் கறுவாவை அந்தப் பெயரில் அங்கே விற்க முடியாது.

இவை பெரிய பயிர்கள். பெண்கள் வீட்டிலிருந்து செய்யும் பொருட்களின் நிலை வேறு. ஆண்கள் விரும்பிக் கட்டும் மருதமுனைக் கைத்தறிச் சாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2004 ஆழிப்பேரலையில் தறிகளை இழந்தும் அந்த ஊர் நெசவைக் கைவிடவில்லை. ஊரின் பெயரைச் சொல்லித்தான் கேட்டு வாங்குகிறார்கள். வன்னியில் நான் வேலை செய்யும் ஊர்களில் பெண்கள் பனையோலையில் கைப்பை, பெட்டி, தொப்பி பின்னுகிறார்கள். போரில் கணவரை இழந்தவர்கள், காணாமற்போனவரைத் தேடிக்கொண்டிருப்பவர்கள், மாற்றுத்திறனாளிகள் அவர்களில் உண்டு. அவர்கள் பின்னிய அதே பெட்டியைக் கொழும்பில் ஒரு கடையில் கண்டேன். நாங்கள் கொடுத்த விலையைப்போலப் பல மடங்கு விலை. சிட்டையில் கடையின் பெயர் மட்டும் இருந்தது. ஊரின் பெயரும் இல்லை, பின்னியவர்களின் சங்கத்தின் பெயரும் இல்லை. 'பாரம்பரியக் கைவினை' என்று மட்டும் அழகாக அச்சிட்டிருந்தது.

விலையைப் பற்றி மட்டும் நான் சொல்லவில்லை. சிட்டையில் ஊரின் பெயர் இல்லாவிட்டால், நாளைக்கு அந்தக் கடை வேறு எங்கேயோ மலிவாகச் செய்வித்து அதே சிட்டையை ஒட்டலாம். எங்களால் ஒன்றும் கேட்க முடியாது. 1909 க்கு முன்பு ஹரிஸ் பெண்கள் நின்ற அதே இடத்தில்தான் நாங்கள் இன்று நிற்கிறோம்.

அவர்களுக்கு ஒரு பாராளுமன்றச் சட்டம் கிடைக்க முத்திரை தொடங்கி எண்பது வருடங்களுக்கு மேல் சென்றது. நாங்கள் சட்டத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. அவர்களும் சங்கத்தில்தான் தொடங்கினார்கள். ஆகவே உங்கள் மாதர் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் நான்கு விடயங்களைக் கதைத்துப் பாருங்கள்.

முதலாவது, அளவும் தரமும். எந்த ஓலை, எந்தச் சாயம், எத்தனை அங்குலம், விளிம்பு எப்படி முடிய வேண்டும் என்று சங்கமாகத் தீர்மானித்து எழுதிவையுங்கள். அந்த அளவுக்கு வராத பொருளை, செய்தவர் எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும், சங்கத்தின் பெயரில் விற்காதீர்கள்.

இரண்டாவது, பெயர். ஊரின் பெயரும் சங்கத்தின் பெயரும் உள்ள ஒரு சிறு சிட்டை, பொருளோடு சேர்த்துத் தைக்கக்கூடியதாக இருக்கட்டும். ஒட்டினால் உரித்துவிடுவார்கள். வாங்குபவரோடு பேசும்போது அந்தச் சிட்டையை அகற்றக்கூடாது என்பதையும் விலையோடு சேர்த்துப் பேசுங்கள்.

மூன்றாவது, நேரக் கணக்கு. ஓலை வெட்டி, வார்ந்து, சாயம் அவித்து, பின்னி முடிக்க எத்தனை மணித்தியாலம் போகிறது என்று ஒரு மாதம் கொப்பியில் எழுதிப் பாருங்கள். உதவிய மகளின் நேரத்தையும் எழுதுங்கள். கொடுப்பனவு யாருடைய பெயரில் வருகிறது என்பதையும் பாருங்கள். வேலை செய்தவரின் பெயரில், அவருடைய வங்கிப் புத்தகத்துக்கு வர வேண்டும்.

நான்காவது, வாங்குபவர்கள். ஒரே கடையையோ ஒரே நிறுவனத்தையோ நம்பி இருந்தால், அவர்கள் நிறுத்தும் நாளில் எல்லா வீட்டிலும் வேலை நின்றுவிடும். நாங்கள் வேலை செய்யும் தொண்டு நிறுவனங்களையும் இதில் சேர்த்தே சொல்கிறேன். எங்கள் திட்டங்களுக்கு முடிவுத் திகதி உண்டு. அதற்கு முன் இரண்டாவது, மூன்றாவது வாங்குபவரைத் தேடித்தரும்படி எங்களைக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

தீவை விட்டுப் புறப்படும் நாள் ஞாயிற்றுக்கிழமையாக வந்தது. அங்கே அநேகம் பேர் ஓய்வுநாளைக் கண்டிப்பாக அனுட்டிப்பவர்கள். அன்று தறிச் சத்தம் கேட்பதில்லை, கொடியில் உடுப்புக் காயப்போடுவதுகூட இல்லை. ஸ்ரோனவேக்கு ஞாயிறு கப்பல் விடத் தொடங்கியதே 2009 இல்தான். கப்பல் துறைமுகத்தை விட்டு விலகும்போது அத்தான் குளிருக்குக் கோட்டைப் போட்டுக்கொண்டார். அக்கா அதன் உட்பக்கச் சிட்டையைத் திருப்பி, எழுதியிருந்ததை மெதுவாக வாசித்துப் பார்த்தா. தீவின் பெயர் அதில் தெளிவாக இருந்தது.